முதல் கவளம்: வயிறு சட்டென்று கலங்கும் பிள்ளைக்கு

அவலூர்பேட்டைப் பக்கம் ஆறு மாதப் பிள்ளைக்குச் சோறு ஊட்ட ஆரம்பித்த வீட்டில் முதல் வாரத்திலேயே ஒரு பேச்சு எழும்: "புள்ளைக்கு வயித்துக்குச் சேரலை." இரண்டு நாள் இளகிப் போயிருக்கும், அல்லது மூன்று நாள் போகாமலே இருந்திருக்கும். வயிறு பொருமி, பிள்ளை இரவெல்லாம் காலை உதைத்து அழுதிருக்கும். உடனே ஆயா சோற்றை நிறுத்தச் சொல்வார். அத்தை கஞ்சித் தண்ணி போதும் என்பார். தொக்கம் எடுக்கிறவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று பக்கத்து வீட்டுக்காரர் வழி சொல்வார். எல்லாரும் பிள்ளைமேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனாலும் அந்த வாரத்தில் எடுக்கும் முடிவு அடுத்த ஆறு மாத வளர்ச்சியைத் தொட்டுவிடும். அதனால் இந்த அத்தியாயம் முழுக்க ஒன்றையே அழுத்திச் சொல்லப் போகிறேன்: வயிறு கலங்குகிற பிள்ளைக்கு உணவை நிறுத்துவது கடைசி வழி. அதற்கு முன்னால் கஞ்சியின் பதம், ஊட்டும் அளவு, தண்ணீர், கை, புது உணவு சேர்க்கும் வேகம் என்று திருத்திப் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

எது இயல்பு, எது கோளாறு

தாய்ப்பால் மட்டும் குடித்த பிள்ளை மஞ்சளாக, இளகலாக, நாளைக்கு ஐந்தாறு முறைகூடப் போகும். சில பிள்ளைகள் நான்கு நாளுக்கு ஒருமுறை போவார்கள். இரண்டும் சரிதான். சோறு உள்ளே போனதும் நிறம், மணம், கெட்டித்தனம் எல்லாமே மாறும். கேரட் துணுக்கு அப்படியே வெளியே வரும். பீட்ரூட் சிவப்பாக வந்து வீட்டையே பயமுறுத்தும். கேழ்வரகு கொடுத்தால் மலம் கருத்திருக்கும். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை அரசு கொடுக்கும் இரும்புச் சத்து சிரப்பை, அதாவது வாரம் இரண்டு முறை 1 மி.லி., கொடுக்கும் வீட்டில் மலம் கறுப்பாகவே போகும். இவற்றில் எதுவும் நோய் இல்லை. பால் குடித்ததும் வாயோரம் கொஞ்சம் கக்குவது நான்காவது மாத வாக்கில் மிகுந்து, ஒரு வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தானாக அடங்கிவிடும். கக்கினாலும் சிரித்து விளையாடி, எடையும் ஏறினால் அந்தப் பிள்ளைக்கு வைத்தியம் வேண்டாம்.

கவனிக்க வேண்டியவை வேறு. உங்கள் பிள்ளைக்கு வழக்கமான எண்ணிக்கையைவிடத் திடீரென்று கூடுதலாக, தண்ணீராகப் போவது வயிற்றுப்போக்கு. மலத்தில் சளியோடு ரத்தக்கீற்று தெரிவதும், தோலில் சொறிபோலத் தடிப்பு வந்து ஆறாமல் இருப்பதும், பசும்பாலோ டப்பாப் பாலோ ஆரம்பித்த பிறகு வந்திருந்தால், பாலில் உள்ள புரதம் பிள்ளைக்கு ஒவ்வாமல் போயிருக்கலாம். இன்னொரு வகை அரிது, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட உணவு கொடுத்து ஒன்றிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் பிள்ளை அடுக்கடுக்காக வாந்தி எடுத்து, வெளுத்து, துவண்டு போகும். அதே உணவை அடுத்த வாரம் கொடுத்தால் அதே கதை. இது அரிசியால்கூட வரும் என்பதால், "அரிசிக் கஞ்சியாச்சே, அது என்ன செய்யும்" என்று ஒதுக்கிவிடக் கூடாது. அந்த உணவை எழுதிவைத்துக்கொண்டு குழந்தை மருத்துவரிடம் போங்கள்.

இந்த மூன்றும் இல்லாமல், "கொஞ்சம் இளகல், கொஞ்சம் பொருமல், கொஞ்சம் அழுகை" என்று இருக்கும் பிள்ளைகளே அதிகம். இனி எழுதுவது அவர்களுக்காக.

ஆறு மாதம் முடிந்த பிறகு

உலக சுகாதார நிறுவனம் முதல் ஆறு மாதம், அதாவது 180 நாள், தாய்ப்பால் மட்டும் போதும் என்கிறது. தண்ணீர்கூட வேண்டாம். வயிறு கலங்கும் பிள்ளைக்கு இந்த விதி இன்னும் முக்கியம். மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் என்ற நொதி கணையத்திலிருந்து முதல் மாதங்களில் மிகக் குறைவாகவே சுரக்கிறது. அந்த நொதி தாய்ப்பாலிலும் இருக்கிறது. ஆகவே கஞ்சி ஊட்டி முடித்ததும் தாய்ப்பால் கொடுப்பது அந்தக் கஞ்சி செரிப்பதற்கே துணை. மூன்றாம் மாதத்தில் ரஸ்க்கைப் பாலில் ஊறவைத்து ஊட்டுவது, "பால் பத்தலை" என்று நான்காம் மாதத்தில் பிஸ்கட் கரைப்பது, இவையெல்லாம் வயிற்றுக் கோளாறை நாமே வரவழைப்பது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு எந்த மாதக் கணக்கு என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதேபோல் ஆறு மாதம் தாண்டியும் தள்ளிப்போடக் கூடாது. "வயிறு சரியில்லாத புள்ள, எட்டு மாசம் ஆகட்டும்" என்று காத்திருப்பவர்கள் இங்கே நிறைய. ஆறு மாதத்துக்குப் பிறகு தாய்ப்பாலோடு கூட நாளைக்குச் சுமார் 200 கலோரி வெளி உணவிலிருந்து வேண்டும். ஒன்பது மாதத்தில் அது 300 ஆகும். கருவில் சேர்த்துவைத்த இரும்புச் சத்தும் ஆறாம் மாதத்தோடு கரைந்துவிடும். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலிலோ குலதெய்வம் கோயிலிலோ சோறூட்ட நல்ல நாள் பார்ப்பது நம் வழக்கம். தாராளமாகப் பாருங்கள். அந்த நாள் ஏழாம் மாதம் தாண்டித் தள்ளிப்போனால் மட்டும் வீட்டில் ஊட்டலை முன்பே தொடங்கிவிடுங்கள். கோயிலில் சர்க்கரைப் பொங்கலை நாக்கில் தொட்டுவைத்தால் போதும்.

பதம்தான் பாதி வைத்தியம்

ஏழு கிலோ எடையுள்ள பிள்ளையின் வயிறு ஒரு வேளைக்கு ஏறத்தாழ 200 மி.லி. கொள்ளும். கிலோவுக்கு 30 மி.லி. என்பது கணக்கு. இவ்வளவு சின்ன இடத்தில் எதை வைக்கிறோம் என்பதே கேள்வி. தாய்ப்பாலில் 100 மி.லி.க்கு 65 முதல் 70 கலோரி இருக்கிறது. வடித்த கஞ்சித் தண்ணீரிலும் பருப்புத் தண்ணீரிலும் அதில் பாதிகூடக் கிடையாது. "லேசா இருக்கும், வயித்துக்கு ஒண்ணும் பண்ணாது" என்று அதைக் கொடுக்கும்போது, அதைவிட நல்ல உணவாகிய தாய்ப்பாலின் இடத்தைத் தண்ணீரால் நிரப்புகிறோம். பிள்ளை வயிறு நிறைந்து தூங்கும், எடை மட்டும் ஏறாது. நாலு மாதம் கழித்துப் பால்வாடியில் எடை போடும்போதுதான் தெரியும். வயிறு கலங்கும் பிள்ளைகளுக்கு நடக்கும் மிகப் பெரிய அநியாயம் என் கணக்கில் இந்தத் தண்ணீர்க் கஞ்சிதான்.

சரியான பதத்துக்கு ஒரு சோதனை: கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் கஞ்சி ஓடக் கூடாது, மெல்ல வழுக்கி விழ வேண்டும். ஆரம்ப வாரத்தில் இந்தப் பதத்தில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி, நாளைக்கு இரண்டு வேளை. பிறகு கூட்டிக்கொண்டே போய், ஒன்பதாம் மாதத்தில் 250 மி.லி. கிண்ணத்தில் பாதி, ஒரு வயதில் முக்கால் முதல் முழுக் கிண்ணம்.

முதல் உணவாக நான் சொல்வது அரிசியும் பாசிப்பருப்பும். மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு. கழுவி, நிழலில் காயவைத்து, வாசம் வரும்வரை வறுத்து, குருணையாகப் பொடித்து, இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். ஒரு வாரத்துக்கு வேண்டிய அளவு போதும். ஒரு மேசைக்கரண்டி பொடியை 150 மி.லி. தண்ணீரில் கரைத்து, கிளறிக்கொண்டே பத்து நிமிடம் வேகவைக்க வேண்டும். வெந்தது போதாமல் போவதும் வயிறு பொருமலுக்கு ஒரு காரணம். மாவு வாசம் அடிக்கும் கஞ்சியைப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். இறக்கியதும் அரைத் தேக்கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ. அந்தச் சொட்டில் மட்டும் இருபது கலோரி. உப்பும் சர்க்கரையும் ஒரு வயதுவரை வேண்டாம். தேன் ஒரு வயதுவரை கட்டாயம் கூடாது. அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்து பிள்ளையின் குடலில் முளைத்து நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும்.

புது உணவு எதுவானாலும் காலை வேளையில், ஒரு தேக்கரண்டியில் தொடங்கி, மூன்று நாள் அதையே கொடுத்துப் பாருங்கள். காலையில் கொடுத்தால் ஏதாவது ஆனாலும் மருத்துவரைப் பார்க்கப் பகல் பொழுது இருக்கிறது. ஒரு நோட்டில் தேதி, உணவு, மலம் மூன்றையும் குறித்துவையுங்கள். வீட்டில் ஆளுக்கு ஒன்று ஊட்டும் கூட்டுக் குடும்பத்தில் இந்த நோட்டு இல்லாமல் எது சேரவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

கேழ்வரகு: ஊறவைத்து, முளைகட்டி

ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஊர்க்காரர்களுக்குக் கேழ்வரகின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி 100 கிராம் கேழ்வரகில் 364 மி.கி. கால்சியம். அரிசியில் அதன் பக்கத்தில்கூட நிற்க முடியாத அளவே இருக்கிறது. ஆனால் மேல்தோலோடு அரைத்த மாவைச் சரியாக வேகவைக்காமல் ஏழாம் மாதத்தில் கொடுத்தால், கலங்கும் வயிறு நிச்சயம் கலங்கும். அதனால் நம் பாட்டிமார் செய்த கேழ்வரகுப் பாலில் தொடங்குவோம். இரவெல்லாம் ஊறவைத்து, அரைத்து, துணியில் பிழிந்து, அந்தப் பாலைக் கிளறிக் காய்ச்சுவது. நார்ச்சத்தும் கொஞ்சம் தாதுச்சத்தும் துணியிலேயே தங்கிவிடும் என்பது உண்மை. எனவே எட்டாம் மாதத்துக்கு மேல் பிழிவதை விட்டுச் சலித்த மாவுக்கு மாறிவிடுங்கள்.

முளைகட்டுவதில் இன்னொரு நன்மை உண்டு, அதைப் பலர் அறிவதில்லை. தானியம் முளைவிடும்போது அதற்குள் அமைலேஸ் நொதி உண்டாகிறது. கெட்டிக் கஞ்சியில் முளைகட்டிய மாவு சிறிது கலந்தால் சில நிமிடத்தில் கஞ்சி இளகிவிடும். தண்ணீர் சேர்க்காமலே இளகுவதால் அதன் சத்து குறையாது. கெட்டியாக விழுங்க மறுக்கும் பிள்ளைக்கும், சீக்கிரம் களைத்துவிடும் பிள்ளைக்கும் இது பெரிய உதவி. பரோடா பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாஸும் அவர் குழுவும் 1980-களில் இதை ஆராய்ந்து எழுதினார்கள்.

செய்முறை எளிது. கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் ஒன்றிரண்டு நாள் கட்டி, முளை விட்டதும் நிழலில் காயவைத்து, இளஞ்சூட்டில் புரட்டி அரையுங்கள். கருக வறுத்தால் நொதி செத்துவிடும். வழக்கமான கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி இறக்கி, ஆவி அடங்கியபின் இந்த மாவில் அரைத் தேக்கரண்டி கலந்து கிளறுங்கள். இளகியதும் மறுபடி அடுப்பில் வைத்து ஒரு கொதி விடுங்கள். இந்தக் கடைசிக் கொதியை விட்டுவிடக் கூடாது. முளைகட்டும் ஈரத்தில் கிருமியும் வளர்ந்திருக்கும்.

பால்வாடியில் தரும் சத்துமாவு பற்றிக் கேட்பவர்கள் உண்டு. கோதுமை, முளைகட்டிய கேழ்வரகு, கடலைப்பருப்பு, வெல்லம் சேர்ந்தது அது. நல்ல உணவு. "அது வயித்தாலே போகும்" என்று மாட்டுக்குக் கலக்கிவிடுவதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. அரிசி-பருப்புக் கஞ்சி ஒத்துக்கொண்ட பிறகு, ஒரு தேக்கரண்டியில் தொடங்கி, தண்ணீரில் நன்றாக வேகவைத்து ஊட்டுங்கள். வெல்லம் ஏற்கெனவே இருப்பதால் மேற்கொண்டு இனிப்புச் சேர்க்காதீர்கள்.

மல்லாட்டை விளையும் ஊரில்

இந்த வட்டாரத்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மூட்டை மூட்டையாக இறங்குகிறது. பிள்ளைக்கு மட்டும் "பித்தம், பேதி" என்று மூன்று வயதுவரை காட்டுவதில்லை. லண்டனில் ஒவ்வாமை வரும் அபாயம் அதிகமுள்ள 640 பச்சைக் குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2015-இல் வந்தது. தோல் சோதனையில் வேர்க்கடலைக்கு எதிர்வினை காட்டாத குழந்தைகளில், ஐந்து வயதுவரை கடலையைத் தவிர்த்தவர்களில் 13.7 விழுக்காட்டினருக்குக் கடலை ஒவ்வாமை வந்தது. முதல் வயதிலிருந்தே கடலை தின்றவர்களில் 1.9 விழுக்காட்டினருக்குத்தான் வந்தது. தள்ளிப்போடுவதால் பாதுகாப்பு இல்லை என்பது அதோடு தெளிவாயிற்று.

ஆகவே ஏழு எட்டு மாதத்தில், மற்ற உணவுகள் ஒத்துக்கொண்ட பின், வறுத்துத் தோல் நீக்கிய கடலையை நைசாக அரைத்து, கால் தேக்கரண்டியைக் கஞ்சியில் குழைத்துக் கொடுங்கள். முழுக் கடலையோ உடைத்த பருப்போ ஐந்து வயதுவரை கையில் கொடுக்கவே கூடாது. மூச்சுக்குழலில் சிக்கினால் உயிர் போகும். சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை பிடித்தது ஒன்றுகூட அதில் விழக் கூடாது. அந்தப் பூஞ்சையின் நஞ்சு வறுத்தாலும் முழுக்கப் போகாது. பிள்ளைக்குக் கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்தால் கடலையை மருத்துவரிடம் கேட்டபிறகே கொடுக்க வேண்டும்.

முட்டையும் அப்படித்தான். நன்றாக வெந்த முட்டையை மஞ்சள், வெள்ளை இரண்டும் சேர்த்து மசித்துச் சிறிது சிறிதாகத் தொடங்கலாம். இட்லியைப் பருப்பில் பிசைந்து எட்டாம் மாதத்தில் ஊட்டலாம். புளித்து ஆவியில் வெந்த உணவு என்பதால் கலங்கும் வயிற்றுக்கு அதைவிட நல்லது கிடைப்பது கடினம். முருங்கைக்கீரை இலையைப் பருப்போடு வேகவைத்து மசிக்கலாம். பசும்பாலை மட்டும் ஒரு வயதுவரை குடிக்கும் பாலாகக் கொடுக்காதீர்கள். அது பிஞ்சுக் குடலில் கண்ணுக்குத் தெரியாத ரத்தக் கசிவை உண்டாக்கக்கூடும். இரும்புச் சத்தும் அதில் சொற்பம்.

தண்ணீரும் கையும்

ஆறு முதல் பதினொரு மாதம் வரைதான் வயிற்றுப்போக்கு அதிகம் வரும் காலம். அதே மாதங்களில்தான் சோறு ஆரம்பிக்கிறோம். அதே மாதங்களில்தான் பிள்ளை தவழ்ந்து, கோழி மேய்ந்த வாசலையும் மாடு கட்டிய தாழ்வாரத்தையும் தொட்டு, கையை வாயில் வைக்கிறது. பழி மட்டும் சோற்றின்மேல் விழுகிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் வேலூரின் நெரிசலான குடியிருப்புகளில் பிறந்த குழந்தைகளை மூன்று வயதுவரை பின்தொடர்ந்து, 2011-இல் வெளியிட்ட ஆய்வில் ரோட்டா வைரஸ் ஒரே குழந்தையைத் திரும்பத் திரும்பத் தொற்றியதைக் கண்டார்கள். அந்த வைரஸுக்கான சொட்டு மருந்து 2017 முதல் தமிழ்நாட்டில் 6, 10, 14 வாரங்களில் இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. அட்டையில் அந்த மூன்றும் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

பிள்ளைக்கு மலம் கழுவிவிட்டதும், ஊட்டுவதற்கு முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கேன் தண்ணீராக இருந்தாலும் தளதளவென்று கொதித்த பிறகே பிள்ளைக்கு. பால் புட்டி வேண்டாம். ரப்பரின் உள்ளே ஒட்டும் பாலைச் சுத்தம் செய்வது யாராலும் முடியாத வேலை. பாலாடையும் கிண்ணமும் கரண்டியும் போதும்.

இனி உண்மையான சிக்கலுக்கு வருவோம். அம்மா மல்லாட்டை பிடுங்கவோ நூறு நாள் வேலைக்கோ போகிறாள். காலை ஏழு மணிக்குக் காய்ச்சிய கஞ்சியை டம்ளரில் மூடிவைத்துவிட்டுப் போகிறாள். ஆயா அதைப் பதினோரு மணிக்கு ஊட்டுகிறார். சித்திரை வெயிலில் நான்கு மணி நேரம் இருந்த கஞ்சியில் கிருமி பெருகியிருக்கும். சமைத்தது இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியே இருக்கக் கூடாது. அம்மாவைக் குறை சொல்லி இதற்குப் பயனில்லை. வேலைக்குப் போகாமல் வீடு நடக்காது. வழி ஒன்று இருக்கிறது. அரிசிப் பொரி இரண்டு பங்கு, பொட்டுக்கடலை ஒரு பங்கு, இரண்டையும் பொடித்துச் சலித்து டப்பாவில் வையுங்கள். உப்புப் போடாத பொரியாகக் கேட்டு வாங்குங்கள். இரண்டும் ஏற்கெனவே சூட்டில் பொரிந்தவை என்பதால் அடுப்பு வேண்டாம். பிளாஸ்கில் கொதித்த தண்ணீரை ஊற்றிவைத்துப் போனால், ஆயா வேளைக்கு வேளை ஊட்டப்போகும் அளவை மட்டும் சுடச்சுடக் கலந்து, சொட்டு எண்ணெய் விட்டு, ஆறவைத்து ஊட்டலாம். மீந்ததைக் கொட்டிவிட வேண்டும்.

தொக்கம், உரை மருந்து, வெற்றிலைக் காம்பு

ஊட்டியது உள்ளே சிக்கிக்கொண்டது என்று நம்பித் தொக்கம் எடுக்கக் கூட்டிப்போகிறோம். குழாய் வைத்து உறிஞ்சி, சோற்றுப் பருக்கையோ முடியோ எடுத்துக் காட்டுவார்கள். வயிற்றிலோ உணவுக்குழலிலோ இருப்பதை வெளியிலிருந்து உறிஞ்சி எடுக்க முடியாது. அதைவிட எனக்குப் பயம், "குடல் விழுந்திருக்கு" என்று எண்ணெய் தடவி வயிற்றை அழுத்தி நீவுவதில். நான்கிலிருந்து பத்து மாதப் பிள்ளைகளுக்கு, குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் செருகிக்கொள்ளும் ஆபத்தான நோய் ஒன்று வரும். பிள்ளை காலை மடக்கி வீரிட்டு அழும், பிறகு அடங்கும், கால் மணியில் மறுபடி வீரிடும். பிறகு வாந்தி, கருஞ்சிவப்புக் குழம்பாக மலம். அந்த வயிற்றை நீவினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பிள்ளைக்கு ஸ்கேனும் அறுவை மருத்துவரும் உள்ள மருத்துவமனை சில மணி நேரத்துக்குள் வேண்டும்.

உரை மருந்தில் வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவுகிறோம். வசம்பில் பீட்டா-அசரோன் என்ற நச்சுப் பொருள் இருக்கிறது, உள்ளுக்குக் கொடுக்காதீர்கள். மலச்சிக்கலுக்கு வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து ஆசனவாயில் வைப்பதும், சோப்புத் துண்டு வைப்பதும் மெல்லிய தசையைக் கிழித்துவிடும். சோறும் வாழைப்பழமும் மட்டுமே கொடுக்கும் வீட்டில் மலம் இறுகுவது வழக்கம். பருப்பு, கீரை, பழுத்த பப்பாளி சேருங்கள். ஊட்டும்போது இரண்டு மூன்று கரண்டி கொதித்தாறிய தண்ணீர் கொடுங்கள். பெரும்பாலும் ஒரு வாரத்தில் சரியாகும்.

பெரியவர்களிடம் இதை எப்படிச் சொல்வது என்று இளம் தாய்மார் தயங்குவார்கள். ஆயாவின் கைப்பக்குவம் நமக்கு வேண்டும். கேழ்வரகுப் பாலும் வறுத்த பொடியும் அவரிடம் கற்றதுதான். அவரையே அடுத்த முறை செவிலியரிடம் அழைத்துப்போய், கேட்க வேண்டியதை அவர் வாயால் கேட்கச் சொல்லுங்கள். அப்புறம் வீட்டில் இரண்டு பேச்சு இருக்காது.

வயிற்றாலே போனால்

தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், கஞ்சியையும் நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு முறை தண்ணீராகப் போன பிறகும் 50 முதல் 100 மி.லி. உப்பு-சர்க்கரைக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.), கரண்டி கரண்டியாக. பொட்டலத்தில் எழுதிய அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். பாதி கரைத்தால் உப்பின் அளவு தவறிவிடும். பால்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசம். மருந்துக்கடையில் அட்டைப் பெட்டியில் வரும் பழச்சுவைப் பானத்தைக் கொடுத்தால் வாங்காதீர்கள். அதில் சர்க்கரை அதிகம், அது பேதியைக் கூட்டும். 1971-இல் வங்காள எல்லையில் பொங்காவ் அகதி முகாமில் வாந்திபேதியால் மக்கள் மடிந்துகொண்டிருந்தபோது, மருத்துவர் திலீப் மகலநாபிஸ் இந்தக் கரைசலைக் கொண்டே ஏராளமானோரைப் பிழைக்கவைத்தார். அதன் எளிமையைப் பார்த்து மதிப்பைக் குறைத்துவிடாதீர்கள்.

கூடவே துத்தநாக மாத்திரை: ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு நாளைக்கு 20 மி.கி., 14 நாள். மூன்றாம் நாளே பேதி நின்றாலும் பதினான்கையும் முடிக்க வேண்டும். உணவில் வாழைக்காய் நல்ல துணை. டாக்காவில் நாள்பட்ட பேதியோடு வந்த குழந்தைகளுக்கு வேகவைத்த வாழைக்காயை அரிசி உணவில் கலந்து கொடுத்துப் பார்த்த ஆய்வு 2001-இல் வந்தது. அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் தேறினார்கள். ஜவ்வரிசிக் கஞ்சியில் மாவுச்சத்தைத் தவிர எதுவும் இல்லை. அதையே நாள் கணக்கில் கொடுக்காதீர்கள். பேதிக்குப் பின் சில நாள் பாலின் சர்க்கரை செரிக்காமல் இளகிப் போகலாம். குடல் ஆறியதும் அது சரியாகும். உடல் தேறிய பிறகு இரண்டு வாரத்துக்கு நாளைக்கு ஒரு வேளை கூடுதலாக ஊட்டுங்கள்.

மலத்தில் ரத்தம், பச்சை நிற வாந்தி, ஆறு மணி நேரம் சிறுநீர் போகாமை, குழிவிழுந்த கண்ணும் உச்சிக்குழியும், எழுப்பினாலும் எழாத மயக்கம், எதையும் குடிக்க மறுப்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை. 108-ஐக் கூப்பிட்டால் வண்டி வரும். செஞ்சி அரசு மருத்துவமனையோ, திருவண்ணாமலையிலும் முண்டியம்பாக்கத்திலும் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளோ, பிள்ளையின் நிலைக்கு எது சரி என்று அவர்களே முடிவு செய்வார்கள். சந்தேகம் மட்டும் என்றால் 104-இல் கேட்கலாம்.

வயிறு சேர்கிறதா இல்லையா என்பதற்குக் கடைசிச் சான்று எடைதான். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் ஆறு மாத ஆண் குழந்தையின் நடு எடை 7.9 கிலோ, ஒரு வயதில் 9.6, பெண் குழந்தைக்கு 7.3, 8.9. உங்கள் பிள்ளை இதைவிடக் குறைவாக இருந்தாலும், தனக்குரிய கோட்டில் மாதாமாதம் ஏறிக்கொண்டிருந்தால் அந்த வயிறு நன்றாகவே வேலை செய்கிறது. இரண்டு மாதம் ஏறாமல் நின்றால், பிள்ளை எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும், மருத்துவரைப் பாருங்கள். கிராமத்தில் பிள்ளைகளை மாதம் தவறாமல் எடைபோடும் வழக்கத்தை 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் பரப்பியது. தராசு இன்றும் உங்கள் தெருப் பால்வாடியில் இருக்கிறது. இந்த மாதம் எடை போடும் நாள் எது என்று இன்று மாலையே கேட்டுவாருங்கள். போகும்போது தாய் சேய் நல அட்டையையும், நீங்கள் எழுதிவரும் நோட்டையும் கையோடு எடுத்துப்போங்கள்.